பதினான்கு நாள் சென்சார், பதினோராம் நாளே கழன்றது

ஒன்பது வருடமாகச் சுகர். காலையும் இரவும் மெட்ஃபார்மின் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டர் முன்னால் திருட்டு முழியோடு உட்காருவது, இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகப் பார்த்தபோது HbA1c என்கிற மூன்று மாத சராசரி 8.1 சதவீதம். வெறும் வயிற்றில் 130 பக்கம்தானே இருக்கிறது, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, நடுவில் எப்போதோ ஏறுகிறது, எப்போது என்று பார்க்க, கையில் ஒட்டிக்கொண்டு பதினான்கு நாள் இரவும் பகலும் சுகரைக் காட்டும் சென்சார் ஒன்று ஒட்டிப் பாருங்கள் என்றார். விலை ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஸ்ட்ரிப் இருபத்தைந்து ரூபாய் என்று வைத்தாலும் அந்தக் காசுக்கு இருநூறு தடவை விரலைக் குத்தலாமே என்று கடையிலேயே கணக்குப் போட்டேன். இருந்தாலும் வாங்கிவிட்டேன். அதுவும் ஜோடியாக வாங்கினால் தள்ளுபடி என்றதும் இரண்டாக.

பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வட்டம். மேல்கையின் பின்பக்கம் வைத்து அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், எறும்பு கடித்த வலிகூட இல்லை. ஊசி வெளியே வந்துவிடும், முடி போன்ற ஒரு இழை மட்டும் தோலுக்கு அடியில் நிற்கும். ஒரு மணி நேரம் கழித்துப் போனைக் கையருகில் கொண்டுபோனால் எண் வருகிறது, மேலே போகிறதா கீழே போகிறதா என்று அம்புக்குறியும் வருகிறது. எனக்கு எண்ணைவிட அந்த அம்புக்குறிதான் உதவியது.

முதலில் மாட்டியது என்ன தெரியுமா? ராகிக் கஞ்சி. சுகர்காரனுக்கு ராகி நல்லது என்று ஊரே சொல்கிறது, நானும் நாலு வருடமாகச் சாயங்காலம் ஒரு பெரிய டம்ளர் மோர் கலந்த கஞ்சி குடித்துவிட்டு ஏதோ புண்ணியம் செய்ததுபோல இருந்தேன். குடிப்பதற்கு முன் 118, முக்கால் மணி நேரத்தில் 221. நம்பிக்கை வராமல் விரலைக் குத்திப் பார்த்தேன், 214. யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. நைஸாக அரைத்துச் சலித்த மாவு, அதைக் குழையக் காய்ச்சி, மெல்ல வேலையே இல்லாமல் மடமடவென்று குடித்தால் வயிற்றுக்கும் வேலை இல்லை, நேராக ரத்தத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு நாள் கழித்து அதே மாவில், சலிக்காமல், முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு வீட்டில் அடை தட்டினாள். ஒன்றரை அடை, கூடக் கொஞ்சம் சுண்டல். 163-க்கு மேல் ஏறவில்லை. தானியத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை, தப்பு டம்ளரில் இருந்தது. சுகர்-ஃப்ரீ என்று அச்சடித்த பிஸ்கட்டும் இதே கோஷ்டி, சர்க்கரை இல்லை, மைதா இருக்கிறதே.

காலை நாலு இட்லியை இரண்டாக்கி, கூட ஒரு அவித்த முட்டையும் நிறைய சாம்பாரும் வைத்துக்கொண்டதில் 205 என்பது 158 ஆனது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை கால் மணி நேரம் நடந்த நாளில், ஏறிக்கொண்டிருந்த கோடு பாதியிலேயே வளைந்து இறங்கியதைப் போனில் பார்த்தேன். டாக்டர் நூறு தடவை சொல்லியும் கேட்காத என் கால்களை அந்த ஒரு கோடு நடக்க வைத்தது. ஏழாம் நாள் ஒரு கல்யாணச் சாப்பாடு. இலையில் இருந்த பொரியல், கூட்டு, அவியல் எல்லாவற்றையும் முதலில் தின்று முடித்துவிட்டு அப்புறம்தான் சோற்றைத் தொட்டேன். பக்கத்து இலைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார், பரிமாறுகிறவர் சோறு வரவில்லையா சார் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். பாயசத்தையும் மீறி 190 பக்கம் நின்றது.

இன்னொரு விஷயம், இதில் வீட்டம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. காலையில் சுகர் கூடியிருந்தால் ராத்திரி நீ போட்ட சப்பாத்திதான் காரணம் என்று சண்டை போடுவேன். போனில் வரும் கோட்டுப் படத்தைப் பார்த்தால் நடு ராத்திரி 110, நாலு மணியிலிருந்து தானாக ஏறி ஆறரைக்கு 138. விடியற்காலையில் கல்லீரலே குளுக்கோஸை இறக்கிவிடுமாம். சப்பாத்திக்குச் சம்பந்தமே இல்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். மூன்றாம் நாள் நடுநிசியில் போன் அலறியது, சுகர் 58-க்கு இறங்கிவிட்டதாம். மனைவி பதறி எழுந்து சர்க்கரைத் தண்ணீர் கலக்க ஓடினாள். எனக்கோ வியர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. குத்திப் பார்த்தால் 109. அந்தக் கை அடியில் போகும்படி படுத்திருந்தேன், அழுத்தினால் இப்படிப் பொய் சொல்லும். அதனால் குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தவிர இது ரத்தத்தை அளக்கவில்லை, தோலுக்கடியில் உள்ள நீரை அளக்கிறது, வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். முதல் நாள் எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோராம் நாள் சனிக்கிழமை. பழக்க தோஷத்தில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ஏற்கெனவே மதுரை வெயிலில் வேர்த்து வேர்த்து ஓரம் தூக்கியிருந்தது, துண்டில் துவட்டும்போது சென்சார் துண்டோடு வந்துவிட்டது. மூன்று நாள் காசு போச்சு. கம்பெனிக்குப் போன் செய்தால் எண்ணெய் படக்கூடாது என்று தாளில் போட்டிருக்கிறதே என்றார்கள், தேடிப் பார்த்தேன், போட்டிருந்தது, எறும்பு எழுத்தில். தண்ணீர் படலாம் என்பதை மட்டும் பெட்டி மேலேயே கொட்டை எழுத்தில் போடத் தெரிந்திருக்கிறது.

மாத்திரை மட்டும் போடுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும், மாதாமாதம் ஒட்டுவது என் பார்வையில் வீண் செலவு. இன்சுலின் போடுகிறவர்கள், ராத்திரியில் சுகர் இறங்கிப் பயந்தவர்கள் கதை வேறு, அவர்களுக்கு இந்த அலாரமே பெரிய துணை, ஆனால் எண்ணைப் பார்த்து டோஸை நீங்களாக மாற்றாதீர்கள். ஆப் காட்டுவதில் ஒன்றை மட்டும் பாருங்கள், 70-க்கும் 180-க்கும் நடுவில் நாளில் எத்தனை சதவீதம் இருந்தோம் என்பது. 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் முதல் நான்கு நாள் 54, கடைசி நான்கு நாள் 76.

ஜோடியில் மிச்சமிருக்கும் ஒன்று பீரோவில் இருக்கிறது, நவம்பரோடு காலாவதி. வாங்கும்போதே தேதியைப் பாருங்கள், தள்ளுபடியில் வருவது பெரும்பாலும் இப்படித்தான். தீபாவளி வாரத்தில் ஒட்டிப் பார்க்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அதிரசத்துக்கு மாவு சொல்லியாச்சு, அந்த வாரம் மட்டும் வேண்டாம் என்றாள்.