ஐந்து வெற்றுக் கட்டங்கள்: காரின் புளூடூத்துடன் நான்கு ஆண்டுகள்

2021இல் இந்தக் காரை வாங்கியபோது இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. ஏற்கெனவே நாட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த கார்களுக்குத்தான் போட்டி. எனக்குக் கிடைத்தது ஜப்பானிலிருந்து முன்பே வந்திறங்கிய ஒன்று. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திரை முழுவதும் ஜப்பானிய எழுத்து. வானொலியும் உதவவில்லை. அந்தப் பெட்டி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நமது பண்பலை 108 வரை போகிறது. ஆகவே பாட்டுக்கும் பேச்சுக்கும் கைத்தொலைபேசியே கதி என்றாகிவிட்டது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி, கைத்தொலைபேசியை இணைக்கும் இடத்தைத் தேடி, நானும் பெறாமகனும் ஒரு பின்னேரம் முழுவதும் திரையின் பக்கங்களைத் திறந்து திறந்து பார்த்தோம். கடைசியில் வழிகாட்டியது எழுத்து அல்ல, புளூடூத்தின் சின்னம். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் என்ற அரசரின் பெயரிலுள்ள இரண்டு முதலெழுத்துகளைப் ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து வடிவில் பிணைத்த குறி அது. எந்த மொழித் திரையிலும் மாறுவதில்லை. அதைத் தொட்டு, கடவு எண்ணாக நான்கு பூச்சியங்களைக் கொடுத்தோம்; இணைந்துவிட்டது.

முதல் ஆண்டு முழுவதும் சிக்கல்தான். அழைப்பு வரும், பாட்டு வராது. இணைப்பு ஒன்றல்ல, இரண்டு என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அழைப்புக்கு ஒரு வழி, பாட்டுக்கு வேறொரு வழி. கைத்தொலைபேசியின் அமைப்புகளில் காரின் பெயரைத் தொட்டால் இரண்டுக்கும் தனித்தனி ஆளிகள் இருக்கின்றன. என்னுடையதில் இரண்டாவது அணைந்து கிடந்தது.

கைத்தொலைபேசியை மாற்றியபோது இன்னொரு பாடம். இணையும்போது இரண்டு கருவிகளும் பொதுவான சாவி ஒன்றை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்தில் மட்டும் அழித்தால் மற்றப் பக்கம் பழைய சாவியையே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். காரின் நினைவகத்தில் முந்தைய உரிமையாளரின் கைத்தொலைபேசிகளும் இருந்தன. அவற்றையும் அன்றே நீக்கினேன். பழைய கார் வாங்குபவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

மாதம் இருமுறை ஏ9 வீதியால் வவுனியாவுக்குப் போகிறேன். ஆனையிறவைத் தாண்டும்போது அம்மா அழைப்பு எடுத்தாலும் சுக்கானிலிருந்து கையை எடுக்காமல் கதைக்க முடிகிறது. ஒலிவாங்கி கூரை விளக்குக்கு அருகில் இருப்பதால், குளிரூட்டியின் காற்று மேல்நோக்கி அடித்தால் "இரைச்சலாக இருக்கிறது பிள்ளை, ஒன்றும் விளங்கவில்லை" என்பார். காற்றுத் துவாரத்தைக் கீழே திருப்பிவிட்டால் போதும்.

இந்த நான்கு ஆண்டுகளில் தீராத மனக்குறை ஒன்று உண்டு. என் தொடர்புகள் எல்லாவற்றையும் தமிழிலேயே சேமித்திருக்கிறேன். காரின் திரையில் தமிழ் எழுத்துரு இல்லை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வெற்றுக் கட்டம் காட்டுகிறது. கணினி 'அம்மா'வை அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்தாக எண்ணுகிறது. அக்காவும் ஐந்து, அண்ணாவும் ஐந்து. வீட்டில் முக்கியமான மூவரும் ஒரே மாதிரி ஐந்து கட்டங்கள்.

அண்ணா டொரொன்டோவில் இருக்கிறார். கோடை காலத்தில் அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை. நான் வீடு திரும்பும் நேரம். நல்லூர்த் திருவிழா நாட்களில் ஒரு மாலை, மறிக்கப்பட்ட வீதிகளைச் சுற்றிக்கொண்டு சனத்துக்குள் ஊர்ந்துகொண்டிருந்தேன். ஐந்து கட்டங்கள் தெரிந்தன. அண்ணாதான், வீட்டுக்குப் போய் ஆறுதலாகக் கதைக்கலாம் என்று துண்டித்தேன். அழைப்பு எடுத்தது அம்மா. காய்ச்சல் கூடி, ஆஸ்பத்திரிக்குப் போக என்னைத் தேடியிருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றச் சொன்னார்கள். அம்மாவின் பெயரை ஒரு காருக்காக மாற்ற எனக்கு மனம் வரவில்லை. இலக்கங்கள் அந்தத் திரையில் ஒழுங்காகத் தெரிகின்றன என்பதைக் கவனித்தேன். இப்போது '1 அம்மா', '2 அக்கா', '3 அண்ணா' என்று சேமித்திருக்கிறேன். '1' என்ற இலக்கமும் அதன் பின்னால் ஐந்து கட்டங்களும் தெரிந்தால், எந்தச் சனத்துக்குள் நின்றாலும் எடுத்துவிடுகிறேன்.