டா வின்சி ரோபோ: வேலை நுணுக்கம், பில் கனம்

அறுவை சிகிச்சைக்கான டா வின்சி இயந்திரத்துக்குப் பெயர்தான் ரோபோ, தானாக எதையும் அறுக்காது. சற்றுத் தள்ளி கன்சோலில் உட்கார்ந்திருக்கும் சர்ஜன் கையை அசைக்க, நோயாளியின் உடலுக்குள் கருவி அசைகிறது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது 2000-இல். மணிக்கட்டு போல மடங்கும் கருவி முனையும் முப்பரிமாணக் காட்சியும்தான் இதன் பலம். புராஸ்டேட்டை (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) எடுத்துவிட்டு, இடுப்புக்குழியின் ஆழத்தில் சிறுநீர்ப்பையையும் அதிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயையும் இணைத்துத் தைக்கும்போது அதன் அருமை தெரியும். அந்த இடத்தில் சாதாரண லேப்ராஸ்கோப்பிக் கருவி (சிறு துளை வழியே கேமரா விட்டு, கையால் நேரடியாகச் செய்யும் அறுவையில் பயன்படுவது) வெறும் விறைத்த குச்சி.

இயந்திரத்தின் விலையும் ஆண்டுப் பராமரிப்பும் ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு ஆபரேஷனிலும் காசு கரைவது கருவிகளில். எத்தனை முறை பயன்படுத்தலாம் என்ற கணக்கு கருவிக்குள்ளேயே பதிவாகியிருக்கும். பலவற்றுக்கு நெடுங்காலம் 10 முறைதான். 2020-இல் சிலவற்றுக்கு 12 முதல் 18 வரை உயர்த்தினார்கள். கணக்கு தீர்ந்தால், கத்தரி புதிதுபோல வெட்டினாலும் இயந்திரம் அதை ஏற்காது. ரோபோக் கைகளுக்குப் போர்த்தும் ஸ்டெரைல் உறையும் ஒவ்வொரு முறையும் புதிது.

இவ்வளவு கொடுத்து என்ன கிடைக்கிறது? மலக்குடல் புற்றுநோயாளிகள் 471 பேரிடம் ரோபோவையும் லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்ட ரோலார் ஆய்வு (2017) சொல்வது: பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1. புள்ளியியல்படி இதை உறுதியான வித்தியாசமாகக் கொள்ள முடியாது. செலவு மட்டும் ரோபோவில் கூடுதல்.

செலவு யார் தலையில் விழும் என்பதைக் காப்பீடு பணம் தரும் முறைதான் தீர்மானிக்கிறது. ஐட்டம் வாரியாகக் கொடுத்தால், வாங்கிப் போட்ட இயந்திரத்தைச் சும்மா நிறுத்த மருத்துவமனைக்கு மனம் வராது. லேப்ராஸ்கோப்பியிலேயே முடிகிற பித்தப்பை கேஸும் ரோபோவில் ஏறும். நோய்க்கு இவ்வளவு என்று பேக்கேஜ் கட்டினால், அதே மருத்துவமனை நாலு கருவிக்குப் பதில் மூன்றில் முடிக்கப் பார்க்கும். நவீன சிகிச்சைக்கு உச்சவரம்பு வைத்த பாலிசியில் மிச்சம் நோயாளியின் பாக்கெட்டிலிருந்துதான்.

காப்பீட்டு நிறுவனம் தரும் முன் அனுமதிக் கடிதத்தில் 'ரோபோ உதவியுடன்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். லேப்ராஸ்கோப்பிக்கு அனுமதி வாங்கிவிட்டு ரோபோவில் செய்தால், கூடுதல் தொகை கிளெய்மில் அடிபடலாம். இரண்டு முறைக்கும் தனித்தனி எஸ்டிமேட் கேளுங்கள்; கருவி, உறை போன்றவற்றில் பாலிசி எதைக் கழிக்கும், பாதியில் திறந்த அறுவைக்கு மாறினால் ரோபோக் கட்டணமும் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். புராஸ்டேட்டுக்கு, பழகிய கை கிடைத்து பாலிசியும் தாங்கினால், தாராளமாகப் போகலாம். சாதாரணப் பித்தப்பைக்குக் கைக்காசு போட்டு ரோபோ வேண்டாம்.