வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம்: இலாப நோக்கற்ற இணையக் கல்வி எப்படி?

அமெரிக்க ஆளுநர்கள் 19 பேர் சேர்ந்து 1997இல் நிறுவிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம், முழுவதும் இணையவழியாக இயங்கும் இலாப நோக்கற்ற நிறுவனம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இதன் கட்டண முறையே பெரும் ஈர்ப்பு: ஆறு மாதப் பருவத்துக்கு ஒரே தொகையைச் செலுத்திவிட்டு, அதற்குள் எத்தனை பாடங்களை முடிக்க இயலுமோ அத்தனையையும் முடித்துக்கொள்ளலாம், ஏற்கெனவே தெரிந்த பாடமென்றால் தேர்வில் தேறினாலே போதும். முனைந்து படிப்பவருக்கு இது சிக்கனம், நாளைக் கடத்துபவருக்கோ மறு பருவத்தின் கட்டணமும் காத்திருக்கிறது.

ஆசிரியர் தொடர்பு குறைவு என்பதே இதன்மீதான பழைய விமர்சனம். இக்காரணத்தால் இந்நிறுவனம் 71 கோடி டாலருக்கு மேற்பட்ட அரசு உதவித்தொகையைத் திருப்பித் தரவேண்டுமென 2017இல் கல்வித்துறைத் தணிக்கை பரிந்துரைத்தது. 2019இல் அத்துறை அத்தொகையைத் திருப்பிக் கேட்பதில்லை என்று முடிவுசெய்தது.

இலாப நோக்குடன் வளர்ந்த ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகமோ, பெருநிறுவனங்களுடன் வேலைவாய்ப்புத் தொடர்பு இருப்பதாகத் தோன்றும்படி விளம்பரம் செய்தது என்ற வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2019இல் 19.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. இவ்விரண்டில் என் தேர்வு முதலாவதே. ஆயினும் பெயர்ப்பலகையை மட்டும் நம்பிச் சேரக் கூடாது: பர்டியூ என்னும் அரசுப் பல்கலைக்கழகம் 2018இல் இலாப நோக்குடன் இயங்கிய கப்லான் பல்கலைக்கழகத்தை வாங்கிய பின்னரும், பின்னணிச் சேவைகளை கப்லான் நிறுவனமே வருவாய்ப் பங்குடன் தொடர்ந்து கவனித்துவந்தது.