லேவாதேவிக் கடை, அரசு வங்கி, தனியார் வங்கி: நிலைப்பது எது?

காரைக்குடிப் பக்கம் கையில் கொஞ்சம் மொத்தப் பணம் வந்தால் உடனே எழும் கேள்வி, அரசு வங்கியா, தனியார் வங்கியா என்பதுதான். இந்த ஒப்பீட்டில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வட்டிக்குக் கடன் கொடுத்து நடத்திய பழைய லேவாதேவிக் கடையையும் சேர்த்தே ஆகவேண்டும். நிர்வாக ஒழுங்கில் அது இரண்டையும் மிஞ்சியது.

கடையில் முதலாளியின் சொந்த முதல் இருந்தது. பர்மாவில் கடையை நடத்தப் போகும் ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்று வருடக் கணக்கு. முடிந்ததும் அடுத்து வருபவரிடம் பெட்டியையும் பேரேட்டையும் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பவேண்டும். பணப்பெட்டிப் பக்கம் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாகி, பிறகுதான் ஏஜெண்ட். லாபத்தில் பங்கும் உண்டு. வாராக்கடனை ஐந்தொகையில் (இருப்புநிலைக் கணக்கில்) ஒளித்தாலும், புதிதாக வருபவர் கண்ணுக்கு எத்தனை நாள் தப்பும்?

அப்படியும் சாய்ந்தது. நெல் விலை விழுந்ததும் கடனுக்கு ஈடாக நிலம் வந்து குவிந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938-ல் 25 சதவீதம். அப்புறம் போர், நில தேசியமயம். கணக்கு சுத்தம்; ஆனால் முதலில் பெரும்பகுதி ஒரே நாட்டில், ஒரே பயிரில்.

1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1969-ல் அரசுடைமை ஆனது. வாராக்கடன் பெருகி 2015-ல் நலிந்த வங்கிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் ரிசர்வ் வங்கியின் திருத்த நடவடிக்கைக்குள் போய், 2021-ல்தான் வெளியே வந்தது. அரசு முதல் போட்டுத் தாங்கியது. வைப்புதாரருக்கு நிம்மதிதான், ஆனால் தவறான கடன் கொடுத்தவர் பணம் எதுவும் போகவில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

கரூரில் 1926-ல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் பங்குதாரர்கள் 2020 செப்டம்பரில் ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். காலம் கடந்த கோபம். நவம்பரில் பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு, பிறகு சிங்கப்பூர் வங்கியான டிபிஎஸ்ஸின் இந்தியப் பிரிவுடன் இணைப்பு. வைப்புத்தொகை பிழைத்தது, பங்கு மதிப்பு பூஜ்யமானது.

தனியார் வங்கியின் நிர்வாக இயக்குநர் 15 வருடத்துக்கு மேல் பதவியில் இருக்கக்கூடாது என்று 2021-ல் ரிசர்வ் வங்கி விதித்தது. ஏஜெண்டின் மூன்று வருடத்தோடு ஒப்பிட்டால் அது மிக நீளம்.

வைப்புக்கு நான் அரசு வங்கியைத்தான் சொல்வேன். எந்த வங்கியானாலும் காப்பீடு 5 லட்சம் வரைதான். பங்கு வாங்குவதானால் ஆண்டறிக்கையின் கணக்குக் குறிப்புகளில், பெரிய 20 கடனாளிகளிடம் மொத்தக் கடனில் எத்தனை சதவீதம் என்ற வரியை முதலில் பாருங்கள். அது வருடா வருடம் ஏறிக்கொண்டே போனால் வாங்காதீர்கள்.