கடைக்கு மொத்தமாகவா, சொந்தப் பெயரில் பாக்கெட்டாகவா?

மதுரை வில்லாபுரத்தில் என் வீட்டு அடுப்படியில் இட்லிப் பொடியும் மோர் மிளகாயும் செய்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு மளிகைக் கடைக்குக் கிலோக் கணக்கில் கொடுத்தேன். 2022 முதல் என் பெயரில் பாக்கெட் போட்டு விற்கிறேன். எனக்குப் பாக்கெட்தான் சரி என்று படுகிறது.

பதிவுச் செலவைக் காரணம் சொல்ல வேண்டாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கடைக்கு மொத்தமாகக் கொடுத்தாலும் செய்பவருக்குப் பதிவு வேண்டும். இது தெரியாமல்தான் இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். நான் பதிவு செய்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம்.

கடைக்குக் கொடுப்பதில் நிம்மதி உண்டு. அன்றன்றே காசு, ஒட்டுச் சீட்டு வேலை கிடையாது. விலை மட்டும் அவர்கள் சொல்வதுதான்.

ஆனால் ஒரு பொருள் கெட்டால் என்ன ஆகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருமுறை அந்தக் கடையில் யாரோ வாங்கிய மோர் மிளகாயில் பூசணம் பூத்திருந்தது. மூன்று வீட்டுச் சரக்கும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. என் எட்டுக் கிலோவும் திரும்பி வந்தது.

இப்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் 14 இலக்கப் பதிவு எண், சேர்மானங்கள், எடை, பச்சைக் குறி, செய்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, முகவரி, எந்தத் தடவை செய்தது என்று காட்டும் பேட்ச் எண் எல்லாம் இருக்கின்றன. கூடவே ஒரு நோட்டு: என்று வறுத்தேன், எந்த மூட்டைப் பருப்பு, யாருக்குப் போனது. வாரம் ஒரு மணி நேரம் இதற்கே போகிறது, அலுப்பாகத்தான் இருக்கும். சென்ற ஐப்பசி மழையில் மிளகாய் சரியாகக் காயாமல் போய், அனுப்பானடியிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். நோட்டைப் பார்த்தேன், அந்த பேட்ச்சில் 11 பாக்கெட். மற்ற பத்து வீட்டுக்கும் அன்று மாலையே பேசி, பணத்தைத் திருப்பிவிட்டேன். ஒருவர்கூட வாங்குவதை நிறுத்தவில்லை.

கேக், பால் இனிப்பு செய்பவர்களுக்கு இதே கணக்கு பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் உலர்ந்த பண்டம் தவிர வேறு செய்ததில்லை. வாரம் ஆறு கிலோவைத் தாண்டியதும் இல்லை. அதற்கு மேல் செய்பவர்கள் பாதியைக் கடைக்கே கொடுப்பது நல்லதாக இருக்கலாம். அப்போதும் உங்கள் சரக்கை மற்றவர் சரக்கோடு கலக்காமல் தனி டப்பாவில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.