35 எம்எம் ஃபிலிம்லிருந்து 120 ஃபிலிமுக்கு மாறப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க (ரூ.58,000 போச்சு)

ஆத்திரத்துலதான் எழுதறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பழைய ஃபிலிம் கேமராவை "சர்வீஸ் பண்ணி, ஃபிலிம் போட்டுச் சோதிச்சு" விக்கிறதா சொல்லிக்கிற ஒரு ஆன்லைன் கடை. பேர் இப்போதைக்கு வேண்டாம்னு வக்கீல் நண்பர் சொல்லியிருக்கார்.

வருஷக்கணக்கா நிக்கான் எஃப்எம்2ல 35 எம்எம் எடுத்துட்டு இருக்கேன். பெரிய நெகட்டிவ் மேல ஆசை. அதுக்காக அகலமான 120 ஃபிலிம் போடற மமியா ஆர்பி67 ப்ரோ-எஸ் கேமராவைத் தேடினேன். ஒரு 120 ரோலுக்குப் பத்தே படம்தான், ஆனா ஒவ்வொண்ணும் 35ஐ விட நாலரை மடங்கு பரப்பு. பேட்டரியே கிடையாது, முழு மெக்கானிக்கல்.

நம்ப வச்ச விதத்தைச் சொல்லணும். கடைக்காரர் வீடியோ கால்ல வந்தார். பின்னாடி சுவத்துல மாலை போட்ட படம். "எங்கப்பாண்ணே. ஸ்டூடியோக்காரர். 120 ஓட்டியே எங்களைப் படிக்க வச்சார். அவர் படத்துக்குக் கீழ உக்காந்து மோசமான பீஸைப் பேக் பண்ணுவனா?" லென்ஸைத் துடைச்சு முன்பக்கம் காட்டினார். 1/400, 1/250, 1/125 செகண்டுன்னு டயலைத் திருப்பித் திருப்பி ஷட்டரைத் தட்டினார். சத்தம் கேக்கவே சுகமா இருந்துச்சு. அன்னிக்கே யுபிஐல ரூ.58,000 அனுப்பிட்டேன்.

ஏழு நாள் செக்கிங் வாரண்டியாம். எங்க ஊர்ல 120 கழுவ லேப் இல்லை. ரோலைக் கூரியர்ல அனுப்பி, கழுவி, ஸ்கேன் வர்றதுக்குள்ள ஏழு நாள் தாண்டிடும். அது அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

ஸ்கேனைத் திறந்தா ஒவ்வொரு படத்துலயும் அதே ஓரத்துல, அதே இடத்துல ஆரஞ்சுத் தீற்றல். ஃபிலிம் பேக்கை (ஃபிலிமை வச்சுக் கேமராவுக்குப் பின்னாடி மாட்டுற பெட்டி) கழட்டிப் பார்த்தேன். வெளிச்சம் புகாம அடைக்கிற ஃபோம் உருகின தார் மாதிரி விரல்ல ஒட்டுது, அதுக்கு மேல கரண்ட் வேலைக்கு ஒட்டுற கறுப்பு டேப்! இருட்டு ரூம்ல பெல்லோஸுக்குள்ள (லென்ஸுக்குப் பின்னால மடிப்பு மடிப்பா நீளுற கறுப்பு உறை) டார்ச் அடிச்சா மடிப்பு மூலைகள்ல புள்ளி புள்ளியா வெளிச்சம். கறுப்பு பெயின்ட் தடவி மறைச்சிருக்காங்க, அதுவும் உதிருது. ஒரு செகண்டுல வச்சு அமுக்கினா ஷட்டர் திறக்குது, மூடவே மாட்டேங்குது. லென்ஸோட பின் கண்ணாடியில வேர் விட்ட பூஞ்சை. கால்ல காட்டினது முன்பக்கமும் வேகமான ஸ்பீடும் மட்டும்தான்னு அப்பதான் உறைச்சுது.

போன் போட்டேன். "35ல இருந்து வர்றவங்க எல்லாரும் முதல் ரோல்ல இப்படித்தான் சொல்வாங்க சார்." அண்ணன் சார் ஆயிட்டேன். அடுத்த தடவை, ரோல்ல இருக்கிற ஸ்டார்ட் அம்புக்குறியைச் சரியா வைக்கலையாம். அப்புறம் ரோலைத் தளர்வா சுத்திட்டேனாம். தளர்ந்தா ஓரத்துல வெளிச்சம் புகுந்து புகை மாதிரி படியும், உண்மைதான், ஆனா அது தாறுமாறா படியும். படத்துக்குப் படம் அதே இடத்துல வராது. அடுத்து லேப் மேல பழி. கடைசியில, "பழைய பொருள் சார், புதுசு மாதிரி எதிர்பாக்கலாமா?"

மாறுறது கஷ்டம்தான், யார் இல்லைன்னா? ரெண்டரைக் கிலோவுக்கு மேல கனம். இடுப்பளவுல குனிஞ்சு பார்த்தா இடது வலதாத் தெரியும். ஷட்டரை ஏத்த ஒரு லிவர், ஃபிலிமை நகர்த்த இன்னொண்ணு. டார்க் ஸ்லைடை (ஃபிலிமை மறைக்கிற தகடு) உருவ மறந்தா பட்டன் அமுங்காது. தெளிவா விழற ஃபோகஸ் ஆழம் கத்தி முனை அளவு. வெளிச்சம் அளக்கிற மீட்டர் கிடையாது, தனியா வாங்கணும். இதெல்லாம் ரெண்டு மூணு ரோல்ல பழகிடும். எனக்குப் பழக்கமில்லாததால ஃபோம் உருகுமா? பெல்லோஸ் ஓட்டையாகுமா? ரூ.58,000 வாங்கிட்டு என் அனுபவத்தை அளக்கறார்!

இப்போ நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. நேத்து அவங்க பக்கத்துல இன்னொரு ஆர்பி67, அதே "ஃபிலிம் போட்டுச் சோதிச்சது", அதே மாலை போட்ட சுவர்.

விரிவா டிப்ஸ் எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப முடியலை. அவசரத்துக்கு இது மட்டும்: வீடியோ கால்ல ஒரு செகண்ட், அரை செகண்ட் ஷட்டரைப் போடச் சொல்லுங்க. பின் கண்ணாடியில டார்ச் அடிக்கச் சொல்லுங்க. பேக்கைத் திறந்து ஃபோமைக் காட்டச் சொல்லுங்க. அதே கேமராவுல எடுத்த நெகட்டிவை ஓரத்தோட, வெட்டாம கேளுங்க. வாரண்டி ஸ்கேன் வர்ற வரைக்கும்னு எழுத்துல வாங்குங்க. பில் இல்லாம பைசா அனுப்பாதீங்க.

நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சாச்சு. ரிப்பேருக்கு மெக்கானிக் கேக்கிறது ரூ.14,000, அந்த ரூ.58,000 போக இது தனி.