ஊசியோடு பதினான்கு மாதம்

மாதத்தில் இரண்டு தேதிகள் எனக்கு ஆகாது: 11, 20. இரண்டும் ஜிஎஸ்டி படிவங்களுக்கான கடைசி நாட்கள். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். கட்சிக்காரர் பில்லைப் பத்தொன்பதாம் தேதி மாலைதான் கொண்டுவருவார். அபராதம் வந்தால் திட்டு எனக்கு. ஒரு கட்டத்தில் ஏழாம் தேதி பிறந்தாலே நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. மாரடைப்பு என்று பயந்து இரவு ஒரு மணிக்கு மருத்துவமனைக்கு ஓடினேன். இசிஜி எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள், மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் பதற்றத்துக்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. ஆனால் மாத்திரை போடுகிறவன் என்ற நினைப்பு உறுத்தியது. யாரோ சொன்னார்கள் என்று அக்குபங்சருக்குப் போனேன்.

முதலில் போன இடத்தில் ஊசியே இல்லை. தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்று பலகை மாட்டிய இடங்கள் பலவற்றில் இப்படித்தான்: நாடி பார்ப்பார்கள், ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடுவார்கள், அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. "ஆங்கில மருந்து அத்தனையும் கழிவு, இன்றே நிறுத்துங்கள்" என்று அவர் சொன்னதும், நான் அதைக் கேட்டதும்தான் வருத்தம். மூன்றாம் நாள் தலைக்குள் மின்சாரம் சுண்டியது. பைக்கில் திரும்பிப் பார்த்தால் உலகம் அரை நொடி தாமதமாகத் திரும்பியது. அது கழிவு வெளியேறும் அறிகுறியாம். மனநல மருத்துவரிடம் போய்ச் சொன்னதும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இந்த மாத்திரையைச் சட்டென்று விட்டால் இப்படித்தான் ஆகும், விடுவதென்றால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று விளக்கி மறுபடி ஆரம்பித்துவைத்தார். ஊசி போட்டுக்கொள்ள அவர் தடை சொல்லவில்லை. "மாத்திரையோடு போங்கள், மாத்திரைக்குப் பதிலாகப் போகாதீர்கள்" என்றார்.

அப்புறம்தான் ஊசி போடும் இடமாகத் தேடினேன். மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது உண்மை. அதற்காகப் பலகை மாட்டியவர் எல்லாரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். நான் இரண்டே கேள்வி கேட்டேன்: ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா? நான் சாப்பிடும் மாத்திரையை என்ன செய்வது? இரண்டாவது கேள்விக்கு, "அதை எழுதிக்கொடுத்தவரைக் கேளுங்கள் அண்ணா" என்று பதில் வந்த இடத்தில் படுத்தேன்.

ஊசி என்றதும் மருந்து ஏற்றுகிற ஊசியை நினைக்க வேண்டாம். இது கால் மில்லிமீட்டர் தடிமன், உள்ளே துளை கிடையாது. எனக்கு வழக்கமாகப் போடுபவை: புருவ மத்தியில் ஒன்று, மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரல் மேலே உள்கையில் ஒன்று, சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு மடிப்பில் ஒன்று, காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒன்று. குத்தும்போது எறும்புக்கடி அளவுதான். பிறகு லேசாகத் திருகுவார்கள். அப்போது ஒரு மந்தமான கனம், கைமேல் உட்கார்ந்து எழுந்தது போல ஒரு விண்ணென்ற உணர்வு வரும். அது வந்தால்தான் ஊசி சரியான இடத்தில் இருப்பதாக அவர்கள் கணக்கு.

மணிக்கட்டு ஊசியைக் கடைக்கண்ணால் பார்த்தால் அது நாடியோடு சேர்ந்து மெல்ல ஆடும். ஆரம்பத்தில் வேகமாக ஆடும். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் நிதானமாகியிருக்கும். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ ஓர் ஈ வந்து கால் ஊசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. விரட்ட முடியாது. கையைத் தூக்கினால் கை ஊசி இழுக்கும். ஈ நடந்தது, நின்றது, முன்னங்காலைத் தேய்த்தது, மறுபடி நடந்தது. அரை மணி நேரம் ஒன்றையுமே செய்யாமல் நான் கிடந்தது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று அங்கேதான் யோசித்தேன். கைபேசியும் பையில்.

கணக்குக்காரன் சும்மா இருப்பானா? ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு முறையும் படுக்கும் முன் பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை, எழுந்த பின் எத்தனை, மூன்றாம் நாள் எத்தனை. முதல் ஐந்து வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, அடுத்த பதினாறு வாரம் வாரம் ஒருமுறை, பிறகு நாற்பது வாரம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மொத்தம் 46 முறை, தலா 400 ரூபாய், ஆக 18,400. படுக்கும் முன் 7 என்றால் எழும்போது பெரும்பாலும் 4. அன்று இரவு உறக்கம் உறுதி. மூன்றாம் நாள் மறுபடி 6. ஆறு மாதம் போன பிறகு படுக்கும் முன்பே 5 ஆகிவிட்டது. இது ஊசியாலா, மாத்திரையாலா? இரண்டு கட்சியும் ஒரே வெற்றிக்கு உரிமை கொண்டாடுகின்றன, தீர்ப்புச் சொல்ல என் நோட்டால் ஆகாது.

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் என்னைச் சங்கடப்படுத்துகிறது. ஒருநாள் ஊசி போடும் அம்மா வர நாற்பது நிமிடம் தாமதம். அதே கட்டிலில், அதே வெதுவெதுப்பான விளக்கின் கீழ் ஊசி இல்லாமல் கிடந்தேன். 6 இருந்தது 4 ஆகியிருந்தது. தோலைத் துளைக்காமல் கைப்பிடிக்குள் சுருங்கிக்கொள்ளும் போலி ஊசி வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று படித்திருந்தேன். பல சோதனைகளில் நிஜ ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடைவெளி சிறிதாகவே இருந்திருக்கிறது. அன்று ஊசியே வரவில்லை. இதை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்படியென்றால் அடுத்த முறையும் சீக்கிரம் வந்து படுங்கள்" என்றார்.

தொந்தரவுகளும் உண்டு. முதல் நாள் வெறும் வயிற்றோடு போய்க் கண் இருட்டி வியர்த்துவிட்டது. ஊசிகளை உடனே எடுத்துவிட்டுக் காலை உயர்த்திப் படுக்கவைத்தார்கள். மணிக்கட்டில் இரண்டு முறை இரத்தம் கன்றி நீலம் பாரித்தது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காதில் ஐந்து புள்ளி போடும் முறை ஒன்று இருக்கிறது. நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் 1970-களில் போதையை விடுகிறவர்களுக்காக உருவானது, இப்போது பதற்றத்துக்கும் போடுகிறார்கள். எனக்கும் ஒருநாள் போட்டார்கள். இரவு சாப்பாட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி, "ஏங்க, காதில் என்ன மின்னுகிறது?" என்றார். இரண்டு காதிலும் சேர்த்துப் போட்டது பத்து, எடுத்தது ஒன்பது. அன்று முதல் ஊசி குத்தும்போது நானும் எண்ணுகிறேன், எடுக்கும்போதும் சத்தமாக எண்ணுகிறேன். ஊசி போடும் அம்மாவுக்குச் சற்றுக் கோபம்தான்.

படபடப்பு முற்றிலும் போய்விடவில்லை. போன மார்ச்சில் ஒரு நாள் நன்றாகவே வந்தது. ஆனால் இப்போது அது வரும்போது மருத்துவமனைக்கு ஓடுவதில்லை. மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மூச்சை எண்ணுகிறேன். அந்தப் புள்ளியில் சக்தி ஓடுகிறதா என்பது எனக்குத் தெரியாது, எண்ணிக்கை நாற்பதைத் தாண்டுவதற்குள் அடங்கிவிடுகிறது. மாத்திரையை மருத்துவர் போன மாதம் 5 மில்லிகிராமாகக் குறைத்திருக்கிறார். ஊசிக்கு இனி மாதம் ஒரு முறை போதும் என்று நானே முடிவு செய்து, 21-ஆம் தேதியாகப் பார்த்து நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். காலை ஏழரைக்கு. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.